சென்னையில் வாடகை வீடு: பால் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும்

வெளியூரிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போவார்கள். வீடு பிடிப்பது, அட்வான்ஸ் கொடுப்பது, லாரி பிடிப்பது, சாமான் இறக்குவது. தண்ணீர் எப்படி, கரண்ட் எப்படி, மழைக்கு எப்படி என்ற கேள்விகள் அதற்கப்புறம்தான் வரும். அப்போது பீரோவை நகர்த்தவும் முடியாது, ஓனரிடம் பேரம் பேசவும் முடியாது. வீடு காலியாக இருக்கும்போது அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, சாமான் ஏறிய பிறகு அரை நாளை விழுங்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் சாமான் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான்.

வீடு பார்க்கும்போது

ஒரு வீட்டை இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை காலை ஏழு மணி வாக்கில், இன்னொரு முறை இருட்டிய பிறகு. காலையில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும் என்பதால் தண்ணீர் அழுத்தத்தின் உண்மை நிலை தெரியும். இரவில் தெருவிளக்கு, நாய், பார்க்கிங், பக்கத்து ஒர்க்‌ஷாப் சத்தம் எல்லாம் தெரியும். புரோக்கர்கள் விரும்பிக் காட்டும் பதினொரு மணிக்கு எந்த வீடும் நல்ல வீடுதான்.

முதலில் தண்ணீர். கேள்விகள் இவை: மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லைன் உண்டா, எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள்? போர் தண்ணீர் உப்பா? சம்ப் எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்குப் பொது? கோடையில் லாரி வாங்கினால் செலவை எப்படிப் பிரிக்கிறார்கள்? ஓனர் சொல்லும் பதிலோடு ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். ஆறு வீடு இருந்தால் 3,240 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று நாலு நாளைக்குக்கூட முழுதாக வராது. போர் வற்றுகிற வீடாக இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் மெயின்டனன்ஸ் தொகை எங்கே போய் நிற்கும் என்பது இந்தக் கணக்கில் வந்துவிடும்.

உப்பைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். குழாய் மூக்கிலும் பாத்ரூம் டைல்ஸ் ஓரத்திலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் கடினத் தண்ணீர். துருப் பழுப்பாக இருந்தால் இரும்பு. எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 500-க்குக் கீழே இருந்தால் ஆர்ஓ மெஷின் தேவையில்லை, சாதாரண ஃபில்டரும் காய்ச்சுவதும் போதும். ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். உப்பு அதிகமுள்ள வீட்டில் ஆர்ஓ வைக்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் கழிவைப் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் இருபது லிட்டர் கேன் இருக்கவே இருக்கிறது. ஆனால் மூன்றாவது மாடிக்குத் தூக்கி வர ஆள் உண்டா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொட்டி கூரைமேலேயே உட்கார்ந்திருந்தால் உங்கள் குழாய்க்கு வருவது ஐந்தாறு அடி அழுத்தம்தான். வாஷிங் மெஷின்கள் பலவற்றுக்குச் சுமார் பத்தடி உயர அழுத்தமாவது வேண்டும். இல்லையென்றால் மெஷின் நிரம்பவே நேரமாகும், கடைசியில் தண்ணீர் வரவில்லை என்று எரர் காட்டி நிற்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மெஷினில் கோளாறு இல்லை என்பார், விசிட்டிங் சார்ஜும் வாங்கிக்கொள்வார்.

அடுத்தது மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று கேளுங்கள். ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டு இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடையிலும் கேளுங்கள். முழங்கால் வரைக்கா, இடுப்பு வரைக்கா, எத்தனை நாள் நின்றது என்று அவர்கள் கையாலேயே அளந்து காட்டுவார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும் என்பதால் ஏரியா பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வாசலில் நின்று பாருங்கள். சாலையிலிருந்து வீட்டுக்குள் படி இறங்கிப் போனால், ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் மட்டம் ஏறி, வீடு பள்ளத்தில் தங்கிவிட்டது என்று அர்த்தம். சுவரின் அடியில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, அடிப்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட், கதவு நிலையின் கீழே உப்பிப்போன மரம் ஆகியவையும் அதே கதையைத்தான் சொல்லும். மேல்மாடியில் பார்க்க வேண்டியது கூரை ஒழுகல்: லாஃப்ட்டுக்கு மேலே, ஃபேன் கொக்கியைச் சுற்றி, பாத்ரூம் சுவரின் மறுபக்கம்.

கரண்ட். மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா? இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் அது போர்டில் அலங்காரத்துக்கு இருக்கிறது. வீட்டுக்குப் போடுவது 30 மில்லியாம்ப். கீசர், ஏசி, இன்டக்‌ஷன் அடுப்பு வைக்கும் இடங்களில் பெரிய ஓட்டை உள்ள 16 ஆம்ப் சாக்கெட் இருக்க வேண்டும். 2,000 வாட் கீசர் எட்டரை ஆம்புக்கு மேல் இழுக்கும். அதை 6 ஆம்ப் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் வைத்துச் செருகினால் முதலில் பிளாஸ்டிக் பழுக்கும், பிறகு வாடை வரும். மூன்று ஃபேஸ் வீடு என்றால் ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் எங்கே, எந்த ஃபேஸில் எது ஓடுகிறது என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி போர்டுக்குள் ஒட்டிவிடுங்கள். இரவில் பாதி வீடு இருண்டு நிற்கும்போது அந்தச் சீட்டைத்தான் தேடுவீர்கள்.

பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். ஒரு நிமிடத்தில் ஜாலிப் பக்கம் ஓடிவிட வேண்டும். மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை, அதை வாடகைக்கு இருப்பவர் சரிசெய்ய முடியாது. துர்வாடை அடித்தால் உடனே பயப்பட வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டில் தரை ஜாலிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் காய்ந்து, சாக்கடைக் காற்று நேராக மேலே வருகிறது. இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அடித்தால்தான் கோளாறு.

கடைசியாக, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க வேண்டியவை: வாசல் கதவு, படுக்கையறைக் கதவு, மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்ட் உள்ளளவு. உங்கள் ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில் பலகை அளவுகளை ஊரிலிருந்தே எழுதிக்கொண்டு வாருங்கள். படுக்கையறைக்குள் நின்று ஒரு போன் செய்து பார்த்து, சிக்னலையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அட்வான்சும் ஒப்பந்தமும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது நெடுநாள் பழக்கம். 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம் மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்தது. ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால்’ என்ற வாசலும் அதில் இருக்கிறது. அதனால் சட்டத்தைக் காட்டி வாதாடுவதைவிட, பேசிக் குறைப்பதுதான் நடக்கிற வழி. ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிற ஓனர்கள் நிறையப் பேர் உண்டு. ஆடி மாதத்தில் பேசினால் இன்னும் இறங்குவார்கள். அந்த மாதம் யாரும் குடி வர மாட்டார்கள், வீடு சும்மா கிடக்கும். ஆடியில் பார்த்துப் பேசி முடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவது கைக்கும் நல்லது, சாங்கியத்துக்கும் நல்லது. மே மாதம் இதற்கு நேர் எதிர். பள்ளி விடுமுறையில் ஊரே வீடு மாறுவதால் வாடகை, லாரி, கூலி எல்லாம் ஏறி நிற்கும்.

டோக்கன் அட்வான்ஸ் உட்பட எந்தத் தொகையையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள்.

ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்குப் போடுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பதுதான். ஆனால் 2017 சட்டப்படி பதினொரு மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் இணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். பல ஓனர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. தகராறு என்று போய் நிற்கும்போது அந்த எண் இருந்தால்தான் பேச்சு எடுபடும், ஆகவே நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் வாய்ப்பேச்சாக விடக் கூடாதவை சில: வாடகை எந்தத் தேதி, ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், காலி செய்ய யார் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், காலி செய்த பின் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்ப வரும், மெயின்டனன்சில் எதெல்லாம் அடங்கும், கார், பைக் எங்கே நிற்கும், மொட்டை மாடிச் சாவி யாரிடம். துணி காயப்போட, வடகம் பிழிய மாடி வேண்டும் என்றால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஆணி அடிக்கலாமா, அசைவம் சமைக்கலாமா, ஊரிலிருந்து ஆட்கள் வந்து பத்து நாள் தங்கினால் ஆட்சேபம் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வராது, ஆனால் அட்வான்சுக்கு முன்னால் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே கிட்டத்தட்ட மரபு. மேலே சொன்ன சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் பழுது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கீசர் பழுது, சுவிட்ச், சாக்கெட் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. இதுவும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால்தான். எனவே அந்தப் பெயிண்டிங் வரி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் குறைந்தபட்சம் ‘இரண்டு ஆண்டுக்குள் காலி செய்தால் பாதி’ என்றாவது மாற்றப் பாருங்கள்.

வாடகையே வேண்டாம், பெரிய தொகை கொடுத்து லீசுக்கு எடுங்கள் என்று சொல்லும் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் விட்டால், வங்கி வீட்டுக்கு வரும். உங்கள் லட்சங்கள் ஓனரிடம் மாட்டிக்கொள்ளும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமலே பார்க்கலாம். பார்க்காமல் லீசுக்குப் போகாதீர்கள்.

காலி வீட்டில் இரண்டு நாள்

சாவி கைக்கு வந்த நாளுக்கும் லாரி வரும் நாளுக்கும் நடுவே இரண்டு நாளாவது விடுங்கள். அந்த நாட்களின் வாடகை போனாலும் பரவாயில்லை.

முதல் வேலை, போனை வீடியோவில் வைத்து ஒவ்வொரு அறையாக நடப்பது. சுவர்க் கீறல், உடைந்த டைல்ஸ், கதவுத் தாழ்ப்பாள், கண்ணாடி, ஃபேன் எண்ணிக்கை எல்லாம் பதிவாக வேண்டும். ஈபி மீட்டர் ரீடிங்கைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, எல்லாவற்றையும் அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்சில் எதைப் பிடிக்கலாம் என்ற பேச்சு இந்த வீடியோவில்தான் முடியும்.

பிறகு பூட்டு. முந்தைய குடித்தனக்காரர், புரோக்கர், பெயிண்டர் என்று யார் யாரிடம் பழைய சாவி இருக்கிறதோ தெரியாது. ஓனரிடம் சொல்லிவிட்டு வாசல் கதவின் பூட்டு சிலிண்டரை மாற்றிவிடுங்கள், முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை.

மேல் தொட்டியையும் சம்ப்பையும் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். தயக்கத்தோடு பதில் வந்தால் கழுவவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கழுவிய பிறகு நிரப்பும் தண்ணீருக்கு, 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அதை ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். பவுடர் பாக்கெட் பிரித்துப் பல மாதம் ஆகியிருந்தால் குளோரின் பறந்து வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும், புதிதாக வாங்குங்கள். சம்ப்புக்குள் ஆளை இறக்கும்போது முன்கூட்டியே மூடியைத் திறந்து வைத்துக் காற்றுப் போக விடுவதும், மேலே ஒருவர் நிற்பதும் கட்டாயம்.

எலெக்ட்ரீஷியனை அரை நாள் வரவழையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு 16 ஆம்ப் சாக்கெட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். கர்டன் ராடு, சாமி அலமாரி, ஆர்ஓ, கண்ணாடி என்று எங்கெல்லாம் ஓட்டை போட வேண்டுமோ அதையும் அன்றே முடித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், பாத்ரூமில் குழாய்க்கு நேர் மேலேயும் துளை போடக் கூடாது. வயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் சுவருக்குள் ஓடும். கொசு வலை அடிப்பதும் இந்த இரண்டு நாளில்தான். சென்னையில் அதை முதல் வாரத்துக்குத் தள்ளிப்போட்டவர்கள் முதல் இரவே வருந்துவார்கள். கிச்சன் அலமாரியில் கரப்பான் மருந்து ஜெல்லைச் சாமான் அடுக்குவதற்கு முன் வைத்தால்தான் மூலைவரை போய்ச் சேரும்.

சாமானும் லாரியும்

ஒற்றைப் படுக்கையறை வீட்டுச் சாமானுக்குக் குட்டி யானை இரண்டு நடை அடிக்கும். அதன் சுமை திறனே முக்கால் டன் அளவுதான். இரண்டு படுக்கையறை என்றால் டாடா 407 லாரி அல்லது பதினாலு அடி வண்டி. வெளியூரிலிருந்து வருவதற்குப் பேக்கர்ஸ் வைத்தால், வீட்டுக்கு நேரில் வந்து சாமானைப் பார்த்து விலை சொல்பவர்களை மட்டும் வையுங்கள். போனிலேயே பாதி விலை சொல்லிவிட்டு, லோடு ஏறிய பின் வழியில் வண்டியை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்கும் கூட்டம் உண்டு. சாமான் பட்டியல், ஜிஎஸ்டி எண் உள்ள பில், வண்டி எண், டிரான்சிட் இன்ஷூரன்ஸ் இவற்றை எழுத்தில் வாங்குங்கள், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். நகை, பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மருந்து, லேப்டாப் ஆகியவை உங்கள் கையோடு.

மெஷின்களில் தவறு நடப்பது இப்படி. ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் கரைந்து, உள்ளே துடைத்திருக்க வேண்டும். நின்ற வாக்கில் கொண்டுபோய், இறக்கிய பின் நாலு மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். கம்ப்ரெஸர் ஆயில் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது திரும்ப இறங்குவதற்குள் ஓட்டினால் கம்ப்ரெஸர் போகும். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினின் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் வாங்கும்போதே கூட வந்திருக்கும். அவற்றை மாட்டாமல் ஏற்றினால் டிரம் அடிபட்டு, புது வீட்டில் சுழலும்போது நடந்து வரும். மாட்டியதைக் கழற்றாமல் ஓட்டினாலும் அதே கதி. ஏசியைக் கழற்றும்போது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள், மெக்கானிக்குகள் இதைப் பம்ப் டவுன் என்பார்கள். அதைச் செய்யாமல் குழாயைத் திறந்துவிடும் ஆள் இங்கே வந்ததும் கேஸ் நிரப்பவும் காசு கேட்பார். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக் கூடாது.

கட்டில், மேசை திருகாணிகளை ஒரு பையில் போட்டு, அந்தந்தப் பலகையிலேயே கட்டிவிடுங்கள். பெட்டிகளின் மேல்பக்கம் எழுதினால் அடுக்கிய பின் தெரியாது, பக்கவாட்டில் எழுதுங்கள்: எந்த அறை, என்ன சாமான்.

ஒரு பெட்டி மட்டும் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும். அதில்: பக்கெட், சொம்பு, சோப்பு, துடைப்பம், ஒரு செட் மாற்றுடை, பாய், போர்வை, டார்ச், தீப்பெட்டி, கத்தி, ரைஸ் குக்கர், நாலு தட்டு, அரிசி, பருப்பு, ஊறுகாய், காபிப் பொடி, கொசுவர்த்தி, எக்ஸ்டென்‌ஷன் பாக்ஸ், ஸ்க்ரூ டிரைவர், சார்ஜர். அன்றிரவு வேறு எந்தப் பெட்டியையும் பிரிக்காமல் தூங்கிவிடலாம்.

பால் காய்ச்சுவது

ஆடி, புரட்டாசி, மார்கழி தவிர்த்து, ராகு காலமும் எமகண்டமும் பார்த்து நாள் குறிப்பது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். வாடகை வீட்டுக்கு ஹோமமெல்லாம் வேண்டியதில்லை. சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, ஒரு புதுப் பாத்திரம், பால் இருந்தால் போதும். லாரி வரும் நாளும் பால் காய்ச்சும் நாளும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நல்ல நாளில் விடியற்காலை பாலைக் காய்ச்சிவிட்டு, சாமானை அதற்கடுத்த சாதாரண நாளில் இறக்குங்கள். முகூர்த்த நாளில் வண்டியும் ஆளும் கிடைப்பது கஷ்டம், கூலியும் கூடுதல். பாலுக்கு அடுப்பு வேண்டுமே என்றால் இன்டக்‌ஷன் அடுப்பில் காய்ச்சினாலும் பால் பொங்கத்தான் செய்யும். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கீழ் வீட்டில் ஒற்றை பர்னர் அடுப்பைக் கேட்டுப் பாருங்கள், அறிமுகத்துக்கும் அது நல்ல சாக்கு.

கேஸ்

வெளியூரிலிருந்து வந்தால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, லாரிக்காரர்களும் ஏற்ற மாட்டார்கள். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டிவி எனப்படும் வவுச்சரை வாங்குங்கள். கேஸ் புத்தகத்தோடு அதைச் சென்னை ஏஜென்சியில் கொடுத்தால் புது இணைப்பு கிடைக்கும். டெபாசிட் மட்டும் இன்றைய விகிதத்தில் கட்ட வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன் கட்டியதுதான் திரும்பக் கிடைத்திருக்கும் என்பதால் வித்தியாசத்தைக் கண்டு அதிர்ச்சியாக வேண்டாம். நகருக்குள்ளேயே மாறினால் சிலிண்டரை ஒப்படைக்கத் தேவையில்லை, மாற்றல் கடிதம் போதும்.

சிலிண்டர் வந்ததும் கைப்பிடிப் பட்டையில் எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் ஆண்டு இருக்கும். சிலிண்டரை அடுத்துப் பரிசோதிக்க வேண்டிய காலம் அது. தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். ரப்பர் ஹோஸை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வீடு மாறும்போதே மாற்றிவிடுவது சுலபம். சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். கசிவு என்றால் 1906.

ஈபி

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதை இணைப்பு எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்துவிட்டே குடியேறுங்கள்; பாக்கி வைத்தது முந்தையவர் என்றாலும் ஃபியூஸைப் பிடுங்குவது உங்கள் வீட்டில்தான். உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி மீட்டரா, அல்லது ஓனரின் இணைப்பிலிருந்து சப் மீட்டரா என்று அட்வான்சுக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். சப் மீட்டர் என்றால் ஓனர் சொல்லும் யூனிட் விலைதான், இலவச 100 யூனிட் உங்களுக்கு வராது.

மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழ்ப் படிகளின் விலையும் மாறிவிடும். 495-க்கும் 505-க்கும் பில்லில் இருக்கும் வித்தியாசம் பத்து யூனிட்டின் விலை அல்ல. கீசர் தினம் அரை மணி ஓடினால் ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இரவு எட்டு மணி நேரம், அறுபது நாளில் 480. ரீடிங் எடுக்கும் தேதியை அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் மீட்டரைப் பார்த்துக்கொள்கிற பழக்கம் கோடையில் காசு மிச்சம் பிடிக்கும். பில் செய்தி உங்கள் போனுக்கு வர மொபைல் எண்ணைச் சேர்க்க ஓனரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் பார்த்துச் சொல்லும்போது கடைசித் தேதி போயிருக்கும். மின்தடைப் புகாருக்கு மின்னகம்: 94987 94987.

பள்ளி, ரேஷன், முகவரி

பள்ளி மாற்றத்தில் எல்லாரும் டிசியை நினைவில் வைத்துக்கொண்டு எமிஸை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவை, மறப்பார்கள். பழைய பள்ளி, பிள்ளையின் எமிஸ் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பக்கம் இழுக்க முடியும். டிசி வாங்கும் அன்றே அலுவலகத்தில் நின்று அதைச் செய்ய வைத்துவிடுங்கள். ஜூனில் ஊருக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்காது.

ரேஷனுக்கு அவசரமில்லை. தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு வைத்திருந்தால் கைரேகை வைத்து மாநிலத்தில் வேறு கடையிலும் பொருள் வாங்கலாம். மாதக் கடைசியில் போனால் சரக்கு இருக்காது, முதல் இரண்டு வாரத்தில் போங்கள். முகவரி மாற்றத்தை இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

ஆதாரில் முதலில் குடும்பத் தலைவர் ஒருவருக்கு மட்டும் முகவரியை மாற்றுங்கள். அது முடிந்த பின் மற்றவர்களுக்குக் குடும்பத் தலைவர் வழியாக மாற்றும் முறை இருக்கிறது. அவர் இணையத்தில் 30 நாளுக்குள் சம்மதம் தர வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகவரிச் சான்று தேடி அலையத் தேவையில்லை. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. புதிதாகச் சேர்ப்பவர்களுக்கான படிவம் 6-ஐ நிரப்பிவிட்டு இரண்டு இடத்தில் பெயர் இருக்கிறது என்று மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

தெருவோடு பழகுவது

குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று முதல் நாளே கேளுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை தனித்தனியாக. வராவிட்டால் மாநகராட்சிக்கு 1913, சாக்கடை அடைப்பும் தண்ணீரும் என்றால் மெட்ரோ வாட்டர் 1916. மோட்டார் யார் போடுவது, சம்ப் நிரம்பினால் யார் நிறுத்துவது என்பதில் பல அடுக்குமாடிகளில் எழுதப்படாத முறை ஒன்று இருக்கும். அது தெரியாமல் நீங்களாக மோட்டாரைப் போட்டால் முதல் மனஸ்தாபம் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆவின் மாதக் கார்டு போட்டால் பால் விலை குறையும், பக்கத்து பூத்தில் கேட்டுப் பாருங்கள். அருகில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒருமுறை வண்டியில் போய் வழி பார்த்து வையுங்கள்.

செப்டம்பர் முடிவதற்குள் மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாய் வாயில் உள்ள இலை, தூசியைக் கையை விட்டு எடுங்கள். சம்ப் மூடியின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள், தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கும் வழி அது. தரைத்தளம் என்றால் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஓரடி ஸ்டாண்டு, கீழே உள்ள சாக்கெட்டுகளை மேலே ஏற்றச் சொல்லி ஓனரிடம் ஒரு வார்த்தை, பைக்கை உயரமான இடத்தில் நிறுத்தப் பக்கத்துத் தெருவில் ஒரு ஏற்பாடு.